பீர் சமைக்கிற சாப்பாட்டுக்கடை: ப்ரூபப் என்றால் என்ன?

பட்டுக்கோட்டையிலிருந்து வந்திருந்த மாமாவை ஒரு சனிக்கிழமை முற்பகல், சிங்கப்பூர் ஆற்றோரத்தில் ஒரு ப்ரூபப்புக்குச் சாப்பிடக் கூட்டிப்போனேன். வாசலைத் தாண்டியதுமே நின்று மூக்கை உறிஞ்சினார். "என்னப்பா, சத்துமாவுக் கஞ்சி கிண்டுற வாசம் வருது?" என்றார். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம், ஆள் உயரத்துக்கு மேல் நின்ற எவர்சில்வர் தொட்டியில், முளைகட்டி உலர்த்திய பார்லி சுடுநீரில் ஊறிக்கொண்டிருந்தது. சத்துமாவும் முளைகட்டிய தானியம்தானே. நான் பல பேரிடம் வாய் வலிக்க விளக்கிய விஷயத்தை மாமா மூக்காலேயே கண்டுபிடித்துவிட்டார்.

எனவே அங்கிருந்தே தொடங்குகிறேன். பீர் சமைக்கப்படுகிற பொருள். அதை ஒரே கூரையின் கீழ் சமைத்து, அங்கேயே சாப்பாட்டோடு பரிமாறினால் அந்தக் கடை ப்ரூபப். இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும், பட்டியலைப் பார்த்து மிரளவும் வேண்டாம்.

சிங்கப்பூரில் பப் என்ற சொல்லைக் கேட்டால் நம்மவர்களில் பலருக்கு லிட்டில் இந்தியா பக்கம் மங்கலான விளக்கும் மேடையில் தமிழ்ப்பாட்டுமாக ஓர் அறைதான் நினைவுக்கு வரும். அதுவும் ஒரு வகை, அதற்கென்று ரசிகர்கள் இருக்கிறார்கள். ஆனால் பப் என்ற சொல் ஆங்கிலேயர்களின் 'பப்ளிக் ஹவுஸ்' என்பதன் சுருக்கம். ஊர்க்காரர்கள் வேலை முடிந்து வந்து உட்கார்ந்து, சுடச்சுட ஏதாவது சாப்பிட்டு, ஒரு கோப்பை பீரோடு ஊர்க்கதை பேசுகிற பொது இடம் அது. நம் ஊர் டீக்கடை பெஞ்சுக்குக் கூரையும் அடுப்படியும் பீர்க் குழாயும் கொடுத்ததாக நினைத்துக்கொள்ளுங்கள். சாதாரண பப்பில் பீர் வெளியே எங்கோ ஆலையில் தயாராகிப் பீப்பாயில் வரும். ப்ரூபப்பில் அந்த ஆலையே கடைக்குள் இருக்கும், சிறிய அளவில். 'டேப்ரூம்' என்று பலகை பார்த்தால், அங்கே முதன்மை பீர்தான், சாப்பாடு பேருக்கு இருக்கலாம், இல்லாமலும் போகலாம். நம் புளோக்குக்குக் கீழே உள்ள காப்பிக்கடையில் பெரிய பாட்டிலைத் திறந்து ஐஸ் போட்டுக் குடிக்கிறோமே, அதற்குத் தனி மரியாதை உண்டு. ஆனால் இந்தக் கட்டுரை அதைப் பற்றியது இல்லை.

சரி, பீர் எப்படிச் சமைக்கப்படுகிறது? தண்ணீர், மால்ட், ஹாப்ஸ், ஈஸ்ட் என்று நான்கே நான்கு பொருள்கள்.

மால்ட் என்றால் பார்லியை ஊறவைத்து, முளைவிட்டதும் சூட்டில் உலர்த்தியது. கேழ்வரகை முளைகட்டி வறுத்து அரைக்கிற எந்த அம்மாவுக்கும் இது புதிது இல்லை. முளைவிடும்போது தானியத்துக்குள் நொதிகள் உண்டாகின்றன, மாவுச்சத்தைச் சர்க்கரையாக மாற்றும் வேலை அவற்றுடையது. மால்ட்டை நொறுக்கி ஏறக்குறைய 65 டிகிரி சுடுநீரில் ஒரு மணி நேரம் வைத்தால் அந்த வேலை முடிந்து, இனிப்பான கஷாயம் ஒன்று கிடைக்கும். மாமா மோப்பம் பிடித்தது இந்தக் கட்டத்தைத்தான். பீரின் நிறமும் இங்கேதான் முடிவாகிறது. லேசாக உலர்த்திய மால்ட் என்றால் வைக்கோல் நிறம், காப்பிக்கொட்டை போலக் கருக வறுத்த மால்ட்டும் சேர்ந்தால் கறுப்பு ஸ்டௌட். கறுப்பு பீர் என்றாலே போதை அதிகம் என்று பலர் நினைக்கிறார்கள். அந்தக் கறுப்பு வறுவலின் நிறம், போதைக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

அப்புறம் அந்தக் கஷாயத்தை வடித்து இன்னொரு தொட்டியில் கொதிக்கவிடுவார்கள், ஹாப்ஸ் அதில்தான் விழும். ஹாப்ஸ் ஒரு கொடியின் பூ. கொதியின் ஆரம்பத்தில் போட்டால் கசப்பை இறக்கும், கடைசியில் போட்டால் வாசனை நிற்கும். ரசத்தை இறக்கும்போது கொத்தமல்லி தூவுகிறோமே, அதே கணக்குதான். இன்று எல்லாக் கடைப் பட்டியலிலும் இருக்கிற ஐபிஏ என்ற வகை, இந்த ஹாப்ஸைத் தாராளமாகப் போட்டுச் செய்வது. சுண்டைக்காய் வற்றல் பிடிக்கும் நாக்குக்கு ஐபிஏ சீக்கிரம் பிடிபட்டுவிடும் என்பது என் அனுபவம்.

ஆறிய கஷாயத்தில் ஈஸ்ட்டைச் சேர்த்தால் அது சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலையும் கரியமில வாயுவையும் தரும். கள் புளிப்பதும் இதே வேலைதான். தென்னை மரத்தில் தொங்கும் கலயத்துக்குள் காற்றில் வரும் ஈஸ்ட் தானாக இறங்குகிறது, ப்ரூபப்பில் தேர்ந்தெடுத்த ஈஸ்ட்டை அளந்து போடுகிறார்கள். ஆங்கிலேயர் ஆட்சியில் இங்கே அரசாங்கமே கள்ளுக்கடைகளை நடத்தியது, உழைத்துக் களைத்த தமிழ்த் தொழிலாளிகள் மாலையில் கூடிய இடம் அது. இன்னும் பின்னால் போனால், அரிசிக் கூழை ஆறவைத்து, நல்லடையைக் கலந்து, இரண்டு பகல் இரண்டு இரவு சாடியில் விளையவைத்து வடித்த மதுவைப் பற்றிச் சங்கப் பாடலே பேசுகிறது. அந்த நல்லடைக்கு உரைகாரர்கள் சொல்லும் பொருள் நெல்முளை. முளைகட்டிய தானியத்திலிருந்து மது என்றால் அது பீரின் உறவுக்காரன்தான். இதை மாமாவிடம் சொன்னபோது அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். பீர் வெள்ளைக்காரன் சமாச்சாரம் என்று ஒதுக்குகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வதும் இதைத்தான்.

லாகர், ஏல் என்ற இரண்டு சொற்களைச் சுற்றித்தான் புதியவர்களுக்குக் குழப்பம் அதிகம். இரண்டுக்கும் வேறுபாடு ஈஸ்ட்டிலும் சூட்டிலும் இருக்கிறது. ஏல் ஈஸ்ட் சுமார் 18 முதல் 22 டிகிரியில் வேகமாக வேலை செய்து, ஓரிரு வாரத்தில் முடித்து, பழ வாசனையையும் கொஞ்சம் விட்டுவைக்கும். லாகர் ஈஸ்ட் 10 டிகிரியை ஒட்டிய குளிரில் நிதானமாக வேலை செய்யும், பிறகும் பல வாரம் குளிரிலேயே கிடக்கவேண்டும். லாகர் என்ற ஜெர்மன் சொல்லுக்கே சேமித்து வைப்பது என்ற பொருள் உண்டு. நாம் குடித்துப் பழகிய டைகர் பீர் லாகர் வகை. கோதுமை பீர், ஐபிஏ, ஸ்டௌட் எல்லாம் ஏல் வகை.

இப்போது சிங்கப்பூரின் வெயிலை நினைத்துப் பாருங்கள். வெளியே 32 டிகிரி. அந்தச் சூட்டில் சாதாரண ஈஸ்ட்டை விட்டால் காட்டமான நெடிதான் மிஞ்சும். அதனால் இங்கே ஒவ்வொரு புளிக்கும் தொட்டிக்கும் இரட்டைச் சுவர் உண்டு, நடுவில் குளிர்ந்த திரவம் ஓடிக்கொண்டே இருக்கும். தொட்டியில் கை வைத்தால் ஜில்லென்று வேர்த்திருக்கும். இதற்கு விதிவிலக்காக, நார்வே கிராமங்களில் பரம்பரையாகக் காத்து வந்த 'க்வைக்' என்ற ஈஸ்ட் 35 டிகிரியிலும் சுத்தமாக வேலை செய்கிறது. குளிர்நாட்டு ஈஸ்ட் நம் வெயிலுக்குப் பொருந்துவது எனக்கு இன்னும் ஆச்சரியம்தான்.

பார்லியும் ஹாப்ஸும் இங்கே விளைவதில்லை, எல்லாம் கப்பலில் வருகின்றன. இந்த ஊர்ப் பொருள் என்று சொல்ல தண்ணீர்தான் இருக்கிறது, அதிலும் சிங்கப்பூர் ஒரு படி மேலே போனது. 2022-ல் தண்ணீர் வாரியமும் ப்ரூவர்க்ஸ் என்ற ப்ரூபப்பும் சேர்ந்து, கழிவுநீரைச் சுத்திகரித்துக் கிடைக்கும் நியூவாட்டரில் 'நியூப்ரூ' என்ற பீரைச் செய்து கடைகளில் விற்றார்கள். முகம் சுளித்தவர்கள் உண்டு. நான் குடித்தேன், நல்ல பீர்.

அந்த ப்ரூவர்க்ஸ் 1997-ல் சிங்கப்பூர் ஆற்றோரம் ரிவர்சைடு பாயிண்டில் தொடங்கியது. இந்த ஊருக்கு ப்ரூபப் என்ற பழக்கத்தைச் சொல்லிக்கொடுத்தவர்களில் அவர்களுக்கு முக்கிய இடம் உண்டு. 2010-ல் மரினா பே நிதி மையத்தின் 33-ஆம் மாடியில் லெவல்33 திறந்தது. செம்புக் கொப்பரைகளை அவ்வளவு உயரத்தில் வைத்து, கீழே விரிகுடாவைப் பார்த்துக்கொண்டே பீர் காய்ச்சுகிறார்கள். 2011-ல் சைனாடவுன் கம்ப்ளெக்ஸ் உணவங்காடியில், சிறு ஆலைகளின் பீரை விற்கிற கடை ஒன்று வந்தது. எனக்கு இது மற்ற இரண்டையும்விடப் பெரிய திருப்பம். நல்ல பீர் குடிக்கக் குளிர்சாதன அறையும் கனமான பில்லும் தேவையில்லை, பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து பக்கத்துக் கடை வறுத்த மீ ஹூனோடு குடிக்கலாம் என்பதை அது காட்டியது.

பெரிய ஆலைகளின் கதை இதற்கு முந்தியது. ஃபிரேசர் அண்ட் நீவ் என்ற குளிர்பானக் கம்பெனியும் டச்சு பீர்க் கம்பெனி ஹைனகனும் சேர்ந்து 1931-ல் மலாயன் புரூவரிஸைத் தொடங்க, 1932-ல் டைகர் வந்தது. அதே காலத்தில் ஜெர்மன் முதலீட்டில் வந்த ஆர்ச்சிபெலகோ புரூவரி ஆங்கர் பீரைக் கொடுத்தது, போர் வந்ததும் எதிரி நாட்டுச் சொத்தாகி, 1941-ல் மலாயன் புரூவரிஸின் கைக்குப் போனது. பெரியவர்கள் கேட்டு வாங்கும் ஏபிசி ஸ்டௌட்டில் உள்ள மூன்று எழுத்தும் ஆர்ச்சிபெலகோ புரூவரி கம்பெனியின் பெயர்தான்.

சிங்கப்பூர் ஆற்றங்கரையில் உள்ள போட் கீ பப்புகளுக்குப் போனால் எனக்கு இன்னொரு நினைப்பும் வரும். அந்த ஆற்றில் சரக்குத் தோணி ஓட்டியவர்களில் சூலியாக்கள் என்ற நம் தமிழ் முஸ்லிம்கள் இருந்தார்கள், பக்கத்துத் தெருவுக்கு அவர்கள் பெயர்தான், கொஞ்ச தூரத்தில் மார்க்கெட் ஸ்திரீட்டில் செட்டியார்கள் வட்டித்தொழில் நடத்திய கிட்டங்கிகள் இருந்தன. 1977 முதல் பத்து வருடம் ஆற்றைச் சுத்தம் செய்து தோணிகளை அப்புறப்படுத்திய பிறகுதான் ஆற்றோரக் கிடங்குகளும் கடைவீடுகளும் உணவகமாகவும் பப்பாகவும் மாறின. அங்கே உட்காரும்போது நாம் வேற்றாள் இல்லை.

இனி சாப்பாடு. ப்ரூபப் சாப்பாடு ஏன் எப்போதும் கனமாக, உப்பும் கொழுப்புமாக இருக்கிறது? பீரின் கசப்பும் பொங்கும் வாயுவும் நாக்கில் ஒட்டிய கொழுப்பைக் கழுவிவிடும், உப்பு கசப்பை அடக்கும். ஒன்று மற்றதைக் கேட்கும். வறுத்த கறியும் ரசமும் மாறி மாறி இறங்குவது போல. பன்றிக்கால் வறுவல் ஜெர்மன் பாணிக் கடைகளின் பெருமை. முழங்காலை முதலில் வேகவைத்து, பிறகு சூளையில் தோல் கொப்புளிக்க வறுத்து, புளித்த முட்டைக்கோஸோடு வைப்பார்கள். கத்தியால் தட்டினால் அப்பளம் மாதிரி நொறுங்கவேண்டும், நொறுங்காவிட்டால் திருப்பி அனுப்புங்கள். மீன் வறுவலுக்கு மாவைத் தண்ணீருக்குப் பதில் பீரில் கரைப்பார்கள், வாயு இருப்பதால் மேல்தோல் லேசாகப் பொரியும். தொத்திறைச்சி, உருளைக்கிழங்கு மசியல், ஸ்டௌட்டில் வேகவைத்த மாட்டிறைச்சி, பர்கர் என்று பட்டியல் நீளும். பெரும்பாலான ப்ரூபப்புகளில் பன்றி இருக்கும், ஹலால் இருக்காது. எல்லாரையும் சேர்த்துக் கூட்டிப்போகிறவர்கள் இதை முன்னமே விசாரித்துக்கொள்ளுங்கள்.

சிங்கப்பூரில் ஒரு பாக்கியம், இந்தப் பட்டியலுக்குள் குச்சியில் குத்திச் சுட்ட சாத்தேயும் நண்டுச் சம்பல் குழம்பும் இறால் விழுதுக் கோழியும் நுழைந்துவிட்டன. ஆனால் காரத்தோடு பீரைச் சேர்க்கும்போது ஒரு கவனம் வேண்டும், பலர் தவறுவது இங்கேதான். காரத்தை பீர் அணைக்காது. வாயுவும் ஹாப்ஸ் கசப்பும் எரிச்சலைக் கூட்டும். நான் ஒரு முறை மிளகு தூக்கலான மட்டன் சுக்காவோடு நல்ல ஐபிஏ ஒன்றை வைத்துக்கொண்டு, இரண்டையும் கெடுத்தேன், நாக்கு தீப்பிடித்தது, பீரில் கசப்பைத் தவிர வேறு ஒன்றும் தெரியவில்லை. அடுத்த முறை அதே சுக்காவுக்குக் கோதுமை பீர் எடுத்தேன். அதன் லேசான இனிப்பும் கசப்பில்லாத வழவழப்பும் காரத்தை மடியில் வாங்கிக்கொண்டன. கோதுமை பீரில் வாழைப்பழமும் கிராம்பும் மணக்கும், இரண்டையும் யாரும் போடுவதில்லை, அந்த ஈஸ்ட் உண்டாக்கும் வாசனை அது. மாமாவுக்கு முதலில் கொடுத்தது இதைத்தான். "பூவன் பழம்" என்று மட்டும் சொன்னார், கோப்பை காலியாகும்வரை வேறு பேச்சு இல்லை.

மற்றபடி, வறுத்த நெத்திலிக்கும், கச்சாங் பூத்தே என்ற வறுத்த கடலை வகைகளுக்கும் சாதா லாகர். தமிழர்கள் தலையில் தட்டு வைத்து இந்த ஊர்த் தெருக்களில் விற்ற கச்சாங் பூத்தேயைவிட பீருக்கு நல்ல துணையை நான் பார்க்கவில்லை. சாத்தேக்குச் செம்பழுப்பு நிற ஏல். ஸ்டௌட்டுக்குச் சாக்லேட் கேக் என்றால் நம்பமாட்டீர்கள், சாப்பிட்டுப் பாருங்கள்.

கஷாயத்தை வடித்தபின் மிஞ்சும் பார்லிச் சக்கை மூட்டை மூட்டையாக விழும். மாமா அதைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, "மாட்டுக்குப் போடுவாங்களா?" பஃபலோ ரோட்டில் நம்மவர்கள் மாடு வைத்திருந்த காலமாக இருந்தால் போட்டிருக்கலாம். இப்போது சில கடைகளில் அந்தச் சக்கையைக் காயவைத்து அரைத்து ரொட்டியிலோ பிஸ்கட்டிலோ சேர்க்கிறார்கள். பட்டியலில் பார்த்தால் கேட்டு வாங்குங்கள், தவிட்டு வாசமும் வறுத்த ருசியுமாக இருக்கும்.

முதல் தடவை போகிறவர் முழு பைண்ட், அதாவது பெரிய கோப்பை, கேட்கவேண்டாம். பல ப்ரூபப்புகளில் 'பிளைட்' என்று நான்கைந்து சின்னக் கண்ணாடிகளை ஒரு பலகையில் வைத்துத் தருவார்கள். வெளிர் நிறத்திலிருந்து தொடங்கிக் கறுப்புக்குப் போங்கள், கசப்பானதைக் கடைசிக்குத் தள்ளுங்கள். ரொம்ப ஜில்லென்று வந்தால் இரண்டு நிமிடம் விடுங்கள், குளிரில் நாக்கு மரத்துவிடும், வாசனையும் எழாது. கலங்கலாக இருந்தால் பயப்படாதீர்கள், வடிகட்டாத பீர் அப்படித்தான் இருக்கும். ஆனால் காடி நெடி அடித்தாலோ, சம்பந்தமே இல்லாமல் வெண்ணெய் வாசம் வந்தாலோ ஏதோ கோளாறு, குழாயைச் சரியாகக் கழுவாததாலும் இருக்கலாம். ஒரு கடையில் எனக்கு அப்படி வந்தது, பரிமாறிய தம்பியிடம் மெதுவாகச் சொன்னேன், அவர் முகர்ந்து பார்த்துவிட்டு மாற்றிக்கொடுத்தார். ஊசிய சாம்பாரை நாம் சும்மா விடுவோமா? பீரும் அதே மாதிரிதான், கேட்பதில் தப்பே இல்லை.

விலை கையைக் கடிக்கும், மறைக்கவில்லை. காரணம் தெரிந்தால் மனம் கொஞ்சம் ஆறும். பீரில் உள்ள ஆல்கஹாலுக்கு லிட்டருக்கு 60 வெள்ளி கலால் வரி. 5 விழுக்காடு பீர் அரை லிட்டரில் 25 மில்லி ஆல்கஹால், அதாவது கோப்பை உங்கள் கைக்கு வருமுன்பே 1 வெள்ளி 50 காசு வரி விழுந்தாயிற்று. பட்டியலில் 15 வெள்ளி, பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி என்றால், 10 விழுக்காடு சேவைக் கட்டணமும் அதற்குமேல் 9 விழுக்காடு ஜிஎஸ்டியும் சேர்ந்து ஏறக்குறைய 18 வெள்ளி ஆகும். பைண்ட் என்பது கடைக்குக் கடை வேறு அளவு, மில்லி எத்தனை என்று பார்த்து ஒப்பிடுங்கள். மாலை நேர ஹேப்பி அவர் சலுகையைப் பயன்படுத்திக்கொள்வதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை.

சட்டத்தில் தெரிந்திருக்கவேண்டியது கொஞ்சம்தான். வயது 18 ஆகியிருக்கவேண்டும். 2015 ஏப்ரலிலிருந்து இரவு 10.30 முதல் காலை 7 வரை பொது இடத்தில் குடிக்கக்கூடாது, அந்த நேரத்தில் வீட்டுக்கு எடுத்துப்போகவும் விற்கமாட்டார்கள். ப்ரூபப்பிலிருந்து பாட்டில் வாங்கிப்போக நினைத்தால் அதற்குள் வாங்கிவிடுங்கள். உரிமம் உள்ள கடைக்குள் உட்கார்ந்து குடிப்பது அந்தக் கடையின் நேரப்படி. லிட்டில் இந்தியாவிலும் கேலாங்கிலும் வார இறுதியில் கெடுபிடி அதிகம், அங்கே தெருவில் கையில் பாட்டிலோடு நிற்காதீர்கள். வண்டி ஓட்டுகிறவர் குடிக்கவே வேண்டாம். முதல் முறை பிடிபட்டாலே 2,000 முதல் 10,000 வெள்ளி வரை அபராதமோ சிறையோ, குறைந்தது இரண்டு வருடம் உரிமமும் போய்விடும். பக்கத்தில் எம்ஆர்டி ரயில் இல்லாத ப்ரூபப்புக்கு டாக்சியில் போங்கள்.

குடிக்காதவர்களையும் தாராளமாகக் கூட்டிப்போகலாம். என் அக்கா ஒரு சொட்டுக்கூடத் தொடமாட்டார், ஆனாலும் மீன் வறுவலுக்காகவே வருவார்.

கூட்டம் குறைவான வாரநாள் பிற்பகலில், நாலு மணி வாக்கில் போங்கள். காய்ச்சுகிறவர் தொட்டிப் பக்கம் நின்றுகொண்டிருந்தால், "இந்த வாரம் எந்தத் தொட்டி தயாராச்சு?" என்று கேளுங்கள். எங்களிடம் அன்று ஒருவர் வெளியே வந்து, மால்ட் ஒரு பிடி அள்ளி மாமா உள்ளங்கையில் வைத்தார். மாமா மென்றுகொண்டே தொட்டியைச் சுற்றி வந்து, எத்தனை மூட்டை போகும், தண்ணீர் எத்தனை குடம், எத்தனை நாள் புளிக்கும் என்று விவசாயி கேட்கிற எல்லாக் கேள்வியையும் கேட்டார். இருவருக்கும் நடுவில் நின்று மொழிபெயர்த்து முடிப்பதற்குள் மேசையில் என் பன்றிக்கால் ஆறிப்போயிருந்தது.